அட்வான்ஸ் வாங்கியவர் கிரயம் செய்து தர மறுத்தால்

ஒரு மனையை 30 லட்சத்துக்குப் பேசி முடித்து, 5 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, ஆறு மாதக் கெடுவில் அக்ரிமென்ட் போட்டாயிற்று. ஐந்தாவது மாதம் அந்தப் பக்கம் புறவழிச்சாலை வருகிறது என்று பேச்சு கிளம்புகிறது. விற்பவரின் குரல் மாறுகிறது: "உங்க அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்குங்க."

வாங்கிக்கொண்டுதான் ஆக வேண்டும் என்றில்லை. பேசிய விலைக்கே கிரயம் எழுதித் தர உத்தரவிடும்படி சிவில் நீதிமன்றத்தில் கேட்கலாம். இதைத்தான் 'ஏற்றதை ஆற்றுக' வழக்கு என்கிறார்கள். 1963-ஆம் ஆண்டின் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் இதற்கு வழி செய்கிறது.

முன்பெல்லாம் ஒப்பந்தம் நிரூபணமானாலும், உத்தரவு தருவதும் மறுப்பதும் நீதிபதியின் விருப்புரிமையாக இருந்தது. 2018 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தம் அந்த விருப்புரிமையை எடுத்துவிட்டது. சட்டமே சொல்லும் விலக்குகளில் வழக்கு சிக்காவிட்டால் உத்தரவு தர வேண்டும் என்பதே இப்போதைய நிலை.

விலக்குகள் அதிகமில்லை. தனிப்பட்ட திறமையை நம்பிய ஒப்பந்தத்தைக் கட்டாயப்படுத்த முடியாது. கச்சேரிக்கு ஒப்புக்கொண்ட வித்வானைக் கோர்ட் உத்தரவு போட்டுப் பாட வைத்தால் யார் உட்கார்ந்து கேட்பது? நீதிமன்றம் தொடர்ந்து மேற்பார்வை பார்க்க வேண்டிய வேலைகளும், இயல்பிலேயே முறித்துக்கொள்ளக்கூடிய ஒப்பந்தங்களும் இப்படித்தான். இன்னொன்றும் உண்டு. ஒப்புக்கொண்ட வேலையை எதிர்த்தரப்பு செய்யாவிட்டால், அவருக்கு 30 நாளுக்குக் குறையாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு, வேறொருவரை வைத்து வேலையை முடித்து, செலவை வசூலிக்கலாம். அப்படிச் செய்தபின் பழைய ஆளே செய்து தர வேண்டும் என்று கேட்க முடியாது.

சரி, நிலத்துக்கு வருவோம். 'அக்ரிமென்ட் கையில் இருக்கிறது, அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன், பிறகென்ன' என்று நினைப்பவர்கள்தான் இந்த வழக்குகளில் தோற்கிறார்கள். விற்பவர் பேச்சு மாறினாரா என்பதோடு கோர்ட் நின்றுவிடாது. வாங்குபவர் தன் பங்கைச் செய்யத் தயாராகவும் விருப்பமாகவும் இருந்தாரா என்று 16-ஆவது பிரிவின்படி பார்க்கும். தயார் என்றால் பணம் புரட்டும் வசதி. விருப்பம் என்றால் நடத்தை. பாக்கி 25 லட்சத்தைக் கட்டாகக் கொண்டுபோய்க் காட்ட வேண்டியதில்லை. கோர்ட் சொன்னால் ஒழிய, டெபாசிட் செய்யவும் தேவையில்லை. ஆனால் வங்கிக் கணக்கு, கடன் அனுமதிக் கடிதம், கெடுவுக்குள் அனுப்பிய நோட்டீஸ் என்று ஏதாவது பேச வேண்டும். 2018 திருத்தத்துக்குப் பிறகும் இந்தச் சுமை வாங்குபவர் தலையில்தான்.

மதுரை வீடு ஒன்றைப் பற்றிய வழக்கு இதற்கு நல்ல பாடம். 1978-இல் 60,000 ரூபாய்க்கு ஒப்பந்தம், அட்வான்ஸ் 5,000, கெடு ஆறு மாதம். வாங்குபவர் இரண்டரை வருடம் கழித்துத்தான் நோட்டீஸ் அனுப்பினார். நிலம், வீடு ஒப்பந்தங்களில் கெடு தாண்டினாலே உரிமை போய்விடாது என்பது பொது விதி. இருந்தும், நகரங்களில் விலை ஏறும் வேகத்தைச் சொல்லி, இவ்வளவு காலம் சும்மா இருந்தவருக்கு 1997-இல் உச்ச நீதிமன்றம் கிரயத்தை மறுத்துவிட்டது. வழக்குப் போட மூன்று வருடம் அவகாசம் இருக்கிறது: கெடு தேதி குறித்திருந்தால் அதிலிருந்து, இல்லையென்றால் மறுப்பது தெரியவந்த நாளிலிருந்து. ஆனால் அதை நம்பித் தூங்கக் கூடாது.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதியாத ஒப்பந்தம் குப்பையா என்றால், இல்லை. இந்த வகை வழக்கில் அதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இருந்தாலும் பதிந்துவிடுவதே நல்லது. பதிந்தால் வில்லங்கச் சான்றில் ஏறும். விற்பவர் இடத்தை மூன்றாவது ஆளுக்கு விற்றுவிட்டால், 'எனக்கு ஒன்றுமே தெரியாது, நல்லெண்ணத்தில் பணம் கொடுத்து வாங்கினேன்' என்பதுதான் அந்த ஆளின் தற்காப்பு. வில்லங்கத்தில் உங்கள் பெயர் இருந்தால் அது எடுபடாது.

கோர்ட் கட்டணம் அட்வான்ஸுக்கு அல்ல, பேசிய முழு விலைக்கும் 3 சதவீதம். நம் மனைக்கு 90,000 ரூபாய். வக்கீல் ஃபீஸ் தனி. மனுவில் கிரயத்தோடு, சுவாதீனத்தையும் (இடத்தைக் கையில் ஒப்படைப்பதையும்), கிரயம் கிடைக்காவிட்டால் அட்வான்ஸைத் திருப்பித் தரவும் சேர்த்துக் கேட்டுவிட வேண்டும். கேட்காததை இந்தச் சட்டம் தானாகத் தராது.

ஜெயித்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. தீர்ப்பில் சொன்ன தேதிக்குள் பாக்கிப் பணத்தைக் கட்டாவிட்டால், ஒப்பந்தத்தையே ரத்து செய்யும்படி விற்பவர் அதே கோர்ட்டில் மனுப் போடலாம். பணத்தைக் கட்டிய பிறகும் அவர் சார்பதிவாளர் அலுவலகம் பக்கம் வராமல் இழுத்தடித்தால், நிறைவேற்று மனு போட வேண்டும். அப்போது அவருக்குப் பதிலாகக் கோர்ட்டே கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்.