ஈரம் காயும் முன் தடவுங்கள்

ஊட்டியில் நீர்ப்பனி போய் உறைபனி விழத் தொடங்கியதும் என் கிளினிக்குக்கு வருகிற கூட்டமே மாறிவிடும். படை, முகப்பரு, முடி கொட்டுகிறது என்று வருகிறவர்கள் குறைந்து, ஸ்வெட்டர் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டே “அரிப்பு தாங்கல டாக்டர்” என்று உட்காருகிறவர்கள் கூடுவார்கள். தலைகுந்தா, காந்தல் பக்கம் விடியற்காலையில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும் நாட்களில் இது உச்சத்துக்குப் போய், பிப்ரவரி கடைசி வரை ஓடும்.

போன ஜனவரியில் ஒரு பாட்டி வந்தார். தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். புடவையை லேசாக உயர்த்திக் காலைக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் முழுவதும் வற்றிய ஏரித் தரை போல வெடித்திருந்தது. சின்னச் சின்னக் கட்டங்கள், ஓரங்களில் சிவப்பு, நகம் பட்ட இரண்டு மூன்று இடங்களில் நீர்க் கசிவு. வெடிக்காத இடத்தில் என் நகத்தால் மெதுவாக ஒரு கோடு இழுத்தேன். சிலேட்டில் சாக்பீஸால் எழுதியது போல வெள்ளையாக நின்றது.

“எப்படிக் குளிக்கிறீங்க பாட்டி?”

“நல்லா கொதிக்கக் கொதிக்க ஊத்திக்குவேன் டாக்டரம்மா. அப்பத்தான் அரிப்பு அடங்குது. சோப்புப் போட்டு நாரு வெச்சுத் தேய்ச்சுவிட்டா சுகமா இருக்கும்.”

“அப்புறம் எண்ணெய் ஏதாவது?”

“மத்தியானம் வெயில்ல உக்காந்து தேங்காண்ணெ தடவுறேன். ஒரு மணி நேரம்கூடத் தாங்க மாட்டேங்குது.”

அவர் சொன்ன இரண்டு பதில்களிலும் அவருடைய நோய் இருந்தது. என்னிடம் வரும் பாதிப் பேருடைய கதையும் இதுதான். எண்ணெய் தடவாமல் யாரும் இருப்பதில்லை. தடவுகிற நேரம்தான் தவறிப்போகிறது.

தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். செங்கற்கள் செல்கள். அவற்றை ஒட்டிவைக்கும் சாந்து, செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் சேர்ந்த கொழுப்புக் கலவை. இந்தச் சாந்து கெட்டியாக இருக்கும்வரை உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே போகாது. சாந்து கரைந்தால் இண்டு இடுக்கு வழியாகத் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். தோலை மெத்தென்று வைத்திருப்பது இந்தத் தண்ணீர். எண்ணெய் அதைக் காவல் காக்கும், அவ்வளவுதான். காய்ந்துபோன தோலில் மத்தியானம் எண்ணெய் தடவுவது காலிப் பானைக்கு மூடி போடுவது மாதிரி.

“இங்கேதான் எப்பவும் பனியும் மூட்டமுமா ஈரமா இருக்கே, அப்புறம் எப்படித் தோல் காயும்?” என்று ஒரு பள்ளி ஆசிரியர் கேட்டார். நல்ல கேள்வி. காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அதன் சூட்டைப் பொறுத்தது. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 5 டிகிரியில் 7 கிராம்கூடத் தாங்காது. அந்தக் குளிர்ந்த காற்று நம் உடம்புச் சூட்டிலோ, ஹீட்டர் போட்ட அறையிலோ சூடானதும் அதன் கொள்ளளவு பல மடங்கு கூடிவிடுகிறது. ஆனால் அதனிடம் இருப்பது அதே 7 கிராம்தான். மிச்சத்தை எங்கே கிடைக்கிறதோ அங்கிருந்து உறிஞ்சும். உங்கள் உதடும் கெண்டைக்காலும்தான் பக்கத்தில் இருக்கின்றன. மூட்டம் விலகி வெயில் பளிச்சென்று அடிக்கும் ஜனவரிப் பகல்களில் காற்றில் ஈரம் இன்னும் குறைந்துவிடும்.

இதோடு கொதிக்கும் தண்ணீரும் சோப்பும் சேர்ந்தால் சாந்து முழுவதும் போய்விடும். நல்ல சூட்டில் எண்ணெய்ப் பாத்திரம் எப்படிச் சுத்தமாகிறதோ அப்படியேதான் தோலும். ஆரோக்கியமான தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது, பிஎச் ஏறக்குறைய 5. சாதாரணக் குளியல் சோப்பு 9, 10 என்று காரத்தின் பக்கம் நிற்கும். சுடுதண்ணீர் ஊற்றும்போது அரிப்பு அடங்குவது உண்மைதான். பாட்டி பொய் சொல்லவில்லை. சூடு அந்த நேரத்துக்கு அரிப்பை மறக்கடிக்கும். அரை மணி நேரத்தில் தோல் முன்னைவிடக் காய்ந்து அரிப்பு இன்னும் பலமாகத் திரும்பும். மறுநாள் இன்னும் சூடாக ஊற்றத் தோன்றும்.

பாட்டிக்கு நான் சொன்னதையே எல்லோருக்கும் சொல்கிறேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். முழங்கையை விட்டுப் பார்த்தால் சுடக்கூடாது. ஐந்து, பத்து நிமிடத்தில் குளித்துமுடித்துவிடுங்கள். சோப்பு அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் போதும். கைகாலில் தினமும் சோப்புப் போட வேண்டிய அளவுக்கு அங்கே அழுக்கு சேர்வதில்லை. பனிக்காலம் முடியும்வரை நாருக்கு ஓய்வு கொடுங்கள். சோப்புக்குப் பதில் கடலை மாவு போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். கோடையில் எண்ணெய் வழியும் முகத்துக்குச் சரி. காய்ந்த தோலில் அதுவும் மிச்சமிருக்கும் எண்ணெயை உறிஞ்சத்தான் செய்யும்.

அடுத்ததுதான் முக்கியம். துண்டால் தேய்த்துத் துடைக்காமல் ஒற்றியெடுங்கள். தோலில் ஈரப்பசை இருக்கும்போதே, குளியலறைக் கதவைத் திறக்கும் முன்பே, மூன்று நிமிடத்துக்குள் மாய்ஸ்சரைசரைத் தடவிவிடுங்கள். பாட்டில் படுக்கையறை அலமாரியில் இருந்தால் இது நடக்காது. உடுத்தி, தலை உலர்த்தி, காபி குடித்து முடிப்பதற்குள் தோலில் ஏறிய தண்ணீர் போயிருக்கும். அதனால் பாட்டிலைச் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்கிறேன். இந்த ஒரு இடமாற்றத்திலேயே தேறியவர்கள் என்னிடம் நிறையப் பேர் உண்டு.

எதைத் தடவுவது? விலை கூடினால் குணம் கூடும் என்று நினைக்க வேண்டாம். லோஷனில் தண்ணீர் அதிகம், தடவ சுகம், காவல் குறைவு. க்ரீம் அதைவிடக் கெட்டி. வாசலின் போன்ற ஆயின்ட்மென்ட் பிசுபிசுக்கும், ஆனால் தண்ணீரை உள்ளே பூட்டிவைப்பதில் அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. 150 வருடமாகப் புழக்கத்தில் இருக்கிற பொருள், விலையும் குறைவு. கிளிசரின், யூரியா சேர்ந்த க்ரீம்கள் தண்ணீரைப் பிடித்து நிறுத்தும் வகை. காய்ந்து சொரசொரத்த கால்களுக்கு 10 சதவீத யூரியா நன்றாக வேலை செய்யும். வெடிப்பு திறந்திருந்தால் எரியும், அதனால் முதலில் வாசலினால் வெடிப்பை ஆற்றிவிட்டு அப்புறம் யூரியாவுக்குப் போகலாம். வாசனை சேர்த்ததை மட்டும் தவிர்த்துவிடுங்கள். உடைந்த தோலில் வாசனைப் பொருள் ஒவ்வாமையைக் கிளப்பும்.

தேங்காய் எண்ணெயை நான் குறை சொல்லமாட்டேன். 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் ஊட்டி வீடுகளில் அடுப்போரம் வைத்து உருக்கித்தான் எடுக்க வேண்டும். ஈரத் தோலில் தடவினால் நல்ல மூடி அது. 2004-இல் பிலிப்பைன்ஸில் செய்த ஓர் ஆய்வில், மிதமான வறட்சிக்குத் தேங்காய் எண்ணெயும் மினரல் ஆயிலும் ஒரே அளவுக்குப் பலன் தந்தன. ஆலிவ் எண்ணெய் அப்படியல்ல, தோலின் சாந்தை அது தளர்த்துவதாக ஆய்வுகள் சொல்கின்றன. அதைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைக்குத் தடவ வேண்டாம்.

அளவிலும் நாம் கஞ்சத்தனம் செய்கிறோம். பெரியவர் ஒருவர் உடம்பு முழுக்க ஒரு தடவை தடவ 20 கிராமாவது வேண்டும். 50 கிராம் ட்யூப் ஒன்றை வாங்கி மாதம் முழுக்க வைத்திருந்தேன் என்று யாராவது சொன்னால், அவர் தடவவே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன். காலிலும் கையிலும் தினம் இரண்டு வேளை தாராளமாகத் தடவுங்கள். அதற்காகத்தான் மலிவானதையே எழுதித் தருகிறேன்.

கேத்தி பாலாடா பக்கம் கேரட் கழுவும் வேலைக்குப் போகிறவர்களின் கைகளைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. விடியும் முன்பே ஐஸ் மாதிரியான தண்ணீரில் இறங்கும் கைகள். உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது. அதனால் அங்கே சேதமானது ஆற நாளாகும். விரல் மடிப்பில் கீறியது போல வெடித்து, மிளகாய் நறுக்கினால் கண்ணில் தண்ணீர் வரும். ரப்பர் கையுறைக்குள் மெல்லிய பருத்திக் கையுறை போடுங்கள். இரவில் வாசலினை அப்பிவிட்டுப் பழைய பருத்திச் சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு படுங்கள். பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் பத்து நாளில் வெடிப்பு மூடத் தொடங்கும்.

விரல்கள் சிவந்து, ஊதா நிறமாக வீங்கி, கதகதப்பான இடத்துக்கு வந்ததும் அரிப்பும் எரிச்சலுமாக இருந்தால் அது வறட்சி அல்ல. குளிர் பட்டு ரத்தக் குழாய்கள் சுருங்கியதால் வரும் வீக்கம். அதை நெருப்பில் காட்டாதீர்கள், சுடுதண்ணீரில் முக்காதீர்கள்; மெதுவாகச் சூடேறட்டும். நெருப்பு என்றதும் இன்னொன்று. கரி அடுப்புக்கு முன் தினமும் கால் நீட்டி உட்காருகிறவர்களுக்குக் கெண்டைக்காலில் வலை போல் பழுப்புக் கறை விழும், தோலும் காயும். மூடிய அறையில் கரி எரித்தால் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். வாசலின், பாராஃபின் ஊறிய துணியில் தீ வேகமாகப் பிடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எனக்குக் கோபம் வருகிற விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பாட்டி மூன்று வாரமாக, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஒரு ட்யூபையும் தடவிக்கொண்டிருந்தார். வாங்கிப் பார்த்தேன், க்ளோபீட்டசால், வீரியமான ஸ்டீராய்டு. முதல் இரண்டு நாள் அரிப்பு அடங்கியிருக்கும். தொடர்ந்து தடவினால் தோல் வெங்காயச் சருகாக மெலிந்து, வெடிப்பு இன்னும் ஆழமாகும். 2018-இல் மத்திய அரசு இந்த வகை க்ரீம்களை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்ற பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கடையில் கைநீட்டினால் கிடைக்கிறது. அழற்சி இருந்தால் நானும் சில நாட்களுக்கு ஸ்டீராய்டு எழுதுவேன், எத்தனை நாள் என்று கணக்குச் சொல்லி. அதை மாய்ஸ்சரைசராகத் தடவுவது வேறு.

இரண்டு வாரம் ஒழுங்காகத் தடவியும் அரிப்பு விடவில்லை என்றால் வந்து காட்டுங்கள். தைராய்டு குறைவு, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு எல்லாம் வறண்ட தோலாகத் தலைகாட்டுவதுண்டு. இரவில் அரிப்பு கூடி, வீட்டில் இன்னொருவருக்கும் அரித்தால் சிரங்கா என்று பார்க்க வேண்டும். பனிக்காலத்தில் ஒரே கம்பளிக்குள் படுப்பதால் அது சுலபமாகப் பரவும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் குதிகாலில் பித்தவெடிப்பு விழுந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். வரும்போது இதுவரை தடவிய ட்யூப்களை எல்லாம், காலியானது உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். பெயர் ஞாபகம் இல்லை என்றாலும் ட்யூபைப் பார்த்து நான் கண்டுபிடித்துவிடுவேன்.