குடமைய வளையம்

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் அலோய் றிம் வாங்கப் போனால் காதில் விழும் சொல் 'ஹப் சென்ட்ரிக் ரிங்'. சில்லை நடுவில் நிறுத்த உதவும் சிறு வளையம் அது. அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்? சில்லின் நடுப்பகுதியே 'ஹப்'. ஆங்கிலத்தில் இச்சொல்லின் பிறப்புத் தெளிவில்லை. அதற்கு முன்பே அங்கு வழங்கிய 'நேவ்' கொப்பூழைக் குறிக்கும் சொல்லுக்கு உறவானது. வடமொழி 'நாபி'யும் கொப்பூழ், சில்லின் நடு இரண்டையும் குறிக்கும். தமிழருக்கோ அது குடம். வண்டிற் சில்லின் ஆரக்கால்கள் எல்லாம் வந்து இறங்கும் அந்தப் பருத்த கட்டைக்கு 'வண்டிக்குடம்' என்பதே பெயர். 'குறடு' என்ற பழஞ்சொல்லும் உண்டு. ஆனால் இன்று அது இடுக்கியையே நினைவூட்டும். 'சென்ட்ரிக்' கிரேக்கத்தின் 'கென்ட்ரோன்' வழி வந்தது. அதன் பொருள் கூர்முனை. கவராயத்தின் அசையாத முனையையும் அது குறித்தது. ஆகவே 'குடமைய வளையம்' என்பதே என் தேர்வு.

இது எதற்கு? டொயோட்டா விட்ஸ் காரில், றிம்மின் நடுத்துளைக்குள் நுழையும் குடத்தின் விட்டம் 54.1 மில்லிமீற்றர். வெளிச்சந்தை றிம்மின் நடுத்துளையோ, பல வாகனங்களுக்கும் பொருந்தட்டும் என்று, பெரும்பாலும் 73.1. சுற்றிலும் 9.5 மில்லிமீற்றர் வெற்றிடம். அதை நிரப்பி, நட் இறுக்கும்வரை சில்லை நடுவில் நிறுத்துவதே வளையத்தின் வேலை. பாரத்தைத் தாங்குவது அதுவன்று. இறுகிய நட்டுகளின் பிடிதான். பிளாஸ்டிக் வளையம் போதும் என்பது அதனால்தான்.

கூம்பு நட்டை, சில்லு தரையில் படாத நிலையில், குறுக்கு வரிசையில் சிறிது சிறிதாக இறுக்கினால் வளையமின்றியும் சில்லு நடுவில் அமரும். அவசரத்தில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு பக்கமாக இறுக்கினால் மையம் விலகும். தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் வேகம் எடுத்ததும் ஸ்டியரிங் நடுங்கும். சில்லின் எடையைச் சமப்படுத்தும் பலன்சிங்கைத் திரும்பத் திரும்பச் செய்தும் அது தீராது: பலன்சிங் இயந்திரம் சில்லை நடுத்துளையால் பிடித்துச் சுழற்றுகிறது, காரிலோ சில்லு நட்டுகளால் நிற்கிறது. வளையத்தின் விலை சொற்பம், போட்டுவிடுங்கள் என்பேன்.

ஆனால் அளவு பிழைத்த வளையம் சில்லைக் குடத்தின் முகத்தோடு ஒட்டவிடாது, அது ஆபத்து. வேர்னியர் அளவுகோலால் குடம், நடுத்துளை ஆகிய இரண்டின் விட்டங்களையும் அளந்தே வாங்குங்கள். குடத்தின் துருவைச் சுரண்டிவிட்டுப் பொருத்தி, முதல் 100 கிலோமீற்றருக்குள் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.