மைக்கை அந்தப் பெண்ணிடம் நீட்டாதீர்கள்

போன மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஊர் ஒன்றில் குடிப்பழக்கத்தைப் பற்றிய படம் ஒன்றைத் திரையிட்டார்கள். படம் முடிந்ததும் கலந்துரையாடல். ஏற்பாட்டாளர் மைக்கோடு கூட்டத்துக்குள் இறங்கி, முன்வரிசையில் தேம்பிக்கொண்டிருந்த எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் நீட்டினார். "மனதில் பட்டதைச் சொல், பாப்பா." அவள் எழுந்தாள். அப்பா இரவில் வந்து அம்மாவின் முடியைப் பிடித்து அடுப்படியில் தள்ளுவதைச் சொன்னாள். கூட்டம் கைதட்டியது. யாரோ கைப்பேசியில் படம்பிடித்தார்கள். அவளுடைய அப்பா கூட்டத்தின் கடைசியில், நிறுத்திவைத்த பைக்கின் மேல் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் அவளை என்னிடம் அழைத்துவந்தார்கள். இடது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. அவள் கேட்ட முதல் கேள்வி: "டீச்சர், நான் அழாமல் இருந்திருந்தால் மைக் என்னிடம் வந்திருக்காது, இல்லையா?"

இப்படி என்னிடம் வந்தவர்களில் அவள் நான்காவது. அதனால்தான் எழுதுகிறேன்.

பள்ளிகளில் உளவள ஆலோசகராக இருக்கிறேன். சித்தூர் வட்டத்தில் வாசகசாலைகளும் குடும்பஸ்ரீ என்ற அரசுத் திட்டத்தின் அயல்கூட்டங்களும் (பெண்கள் சுயஉதவிக் குழுக்கள்) நடத்தும் திரையிடல்களில் பதினோரு ஆண்டுகளாக உரையாடலை நடத்தியும் வருகிறேன். படமே போடாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. 1965-இல் திருவனந்தபுரத்தில் சித்ரலேகா திரைப்படச் சங்கம் தொடங்கிய மாநிலம் இது. 1984-இல் மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் ஒடேசா என்ற குழுவை அமைத்து, மக்களிடம் திரட்டிய காசில் படம் எடுத்து ஊர் ஊராகக் காட்டிய மாநிலம். நல்ல படம் ஓர் ஊரைப் பேசவைக்கும், அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். யாரை, எங்கே, யார் முன்னால் பேசவைக்கிறோம் என்பதில்தான் தப்பு நடக்கிறது.

எனக்கு மிகவும் ஆத்திரமூட்டும் நம்பிக்கை ஒன்று உண்டு. "எல்லாரும் அழுதார்கள், நிகழ்ச்சி வெற்றி" என்பது. எத்தனை அறிக்கைகளில் இந்த வரியைப் படித்துவிட்டேன்! அன்று அந்த அப்பாவும் அழுதார். பக்கத்தில் இருந்தவர்களே சொன்னார்கள். படத்தில் பிள்ளை பசியோடு காத்திருக்கும் காட்சியில் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். அவர் அழுதது படத்தில் வரும் பிள்ளைக்காக. திரையில் குடித்துவிட்டு வந்தவன் அவருக்கு வேறு யாரோ ஒருவன். அவன்மேல் கோபம் வந்ததுமே தன்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார். அந்த நேரத்தில் மகள் எழுந்து, ஊர் முன்னால், "அது நீதான்" என்று காட்டிவிட்டாள். அவமானப்பட்டவன் அந்த இரவில் திருந்துவதில்லை. வீட்டுக்குப் போய் வட்டியோடு தீர்த்துக்கொள்கிறான். வாங்கிக்கொள்வது பெண்ணும் அவள் அம்மாவும். ஏற்பாட்டாளர் அதற்குள் புரொஜெக்டரை மூட்டைகட்டிக்கொண்டு பாலக்காடு போய்ச் சேர்ந்திருப்பார்.

அழுகையை அளவுகோலாக வைக்காதீர்கள். அடுத்த வாரம் யாராவது ஒருவர் தனியாக வந்து "உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்" என்கிறாரா என்று பாருங்கள்.

நாற்காலிகளையும் பாருங்கள். கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில் சக்கிலியர் குடும்பங்கள் எழுப்பிய சாதிப் பாகுபாட்டுப் புகார் 2017-இல் கேரளம் முழுவதும் செய்தியானதை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு நான் போன ஒரு திரையிடலில் தீண்டாமைதான் பேசுபொருள். நாற்காலிகள் அறுபது. ஊர்க்காரர்கள் உட்கார்ந்தார்கள். காலனியிலிருந்து வந்தவர்கள் சுற்றுச்சுவர் ஓரமாக இரண்டு மணி நேரம் நின்றே பார்த்தார்கள். பின்வரிசையில் பதினொரு நாற்காலிகள் காலியாக இருந்தன, எண்ணினேன். பிறகு மேடையில் சமத்துவத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார்கள். அந்தச் சுவர்ப்பக்கம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து நான் போகும் இடங்களில் தரையில் பாய் விரிக்கச் சொல்கிறேன். எல்லாருக்கும் பாய்தான், வார்டு மெம்பருக்கும்.

இனி, திரையிட நினைப்பவர்களுக்கு.

படத்தை முழுவதும் முன்கூட்டியே பாருங்கள். முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டு வராதீர்கள். தணிக்கைச் சான்றிதழைப் பாருங்கள். 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 7, 13, 16 என்று வயதுப் பிரிவுகள் வந்துவிட்டன. நம் ஊர்த் திரையிடலுக்குக் கைக்குழந்தை முதல் பாட்டி வரை வருவார்கள் என்பதை மனதில் வையுங்கள். இலவசமாகத்தானே காட்டுகிறோம், அனுமதி எதற்கு என்று கேட்கிறார்கள். காட்டுகிற உரிமை படத்தின் உரிமையாளருடையது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பள்ளிக்குள் மாணவர், ஆசிரியர், பெற்றோருக்கு மட்டும் காட்டும்போது விலக்கு உண்டு. கோயில் மைதானத்துக்கு அது பொருந்தாது. எழுத்தில் அனுமதி வாங்குங்கள். குறும்பட இயக்குநர்கள் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு தருகிறார்கள்.

படம் அரைமணி நேரத்துக்குள் இருக்கட்டும். காலை ஐந்து மணிக்குக் கள்ளிறக்கவும் தோப்புக்கும் போகிறவர்களை இரவு பத்தரைக்கு உட்காரவைத்துக் கலந்துரையாடாதீர்கள். வீட்டில் தமிழ் பேசுகிற ஊரில் உரையாடலும் தமிழில்தான் நடக்க வேண்டும். மேடை மலையாளத்தில் ஆங்கிலச் சொல்லும் கலந்து "சமூக மாற்றம்" என்று முழங்கினால் பெண்கள் தலையாட்டிவிட்டு எழுந்துபோவார்கள்.

பெரிய கூட்டத்தில் யாரிடமும் சொந்தக் கதையைக் கேட்காதீர்கள். படத்தில் வருபவர்களைப் பற்றிக் கேளுங்கள். அந்த அம்மா யாரிடம் போயிருக்கலாம்? பக்கத்து வீட்டுக்காரர் ஏன் கதவைச் சாத்தினார்? இரண்டாவது கேள்விக்கு ஊரே பதில் சொல்லும், ஒருவர் வீடும் அம்பலமாகாது. எட்டுப் பத்துப் பேராகப் பிரியுங்கள், பெண்களுக்குத் தனி வட்டம். ஓர் ஓரத்து அறையில் ஆலோசகர் ஒருவர் காத்திருக்க வேண்டும். அவர் கிடைக்காவிட்டால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181: இந்த இரண்டு எண்களும் படம் முடிந்ததும் ஐந்து நிமிடம் திரையில் நிற்கட்டும். பார்வையாளர்களைப் படம்பிடிக்க வேண்டாம், அறிக்கைக்காகக் கூட வேண்டாம்.

குழந்தை பாலியல் கொடுமையைச் சொல்லிவிட்டால் ஊர்ப் பெரியவர்களிடம் பஞ்சாயத்துக்கு எடுத்துப்போகாதீர்கள். காவல்துறைக்குத் தெரிவிப்பது 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி கட்டாயம். மறைப்பது குற்றம்.

அந்தப் பெண் இப்போது பொள்ளாச்சியில் அத்தை வீட்டில் இருக்கிறாள். காணொளியை அழிக்கச் சொல்லி மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் கேட்டோம். இரண்டில் அழித்தார்கள். மூன்றாவது குழுவில் இருப்பவர் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து இன்றே அழித்துவிடுங்கள். அவள் மீண்டும் பள்ளிக்குப் போக வேண்டும்.