பக்கத்துலதான் படுத்திருந்தோம் அண்ணே

பட்டறை மேசைமேல் வெட்டுப்பட்ட சைக்கிள் வயர் லாக் ஒன்று கிடக்கிறது. வெளியே கட்டைவிரல் பருமனுக்குக் கறுப்பு பிளாஸ்டிக் உறை. உரித்துப் பார்த்தால் உள்ளே கம்பிக் கற்றை பென்சில் பருமன்கூட இல்லை. கடையில் வாங்குகிறவர்கள் அமுக்கிப் பார்ப்பது உறையை. வெட்டுகிறவன் கணக்கில் வைப்பது கம்பியை. வெட்டுவாயில் பிசிறே இல்லை, ஒரே அமுக்கு. எலக்ட்ரீசியன் பையில் கிடக்கும் கேபிள் கட்டர் போதும், நாலைந்து விநாடி வேலை.

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துப் பையன்கள் சனிக்கிழமை மதியம் கிளம்பி மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போய் டென்ட் அடிக்கிறார்கள். சிலர் பூண்டி ஏரி, சிலர் எல்லை தாண்டி ஆந்திராவின் தடா பக்கம். நல்ல விஷயம், போகட்டும். ஆனால் ஆறு பேர் போய் நாலு சைக்கிளோடு திரும்புவதும், மீதி இரண்டு பேர் பொன்னேரியில் லோக்கல் டிரெயின் பிடித்து வந்து புது சைக்கிள் விலை விசாரிப்பதும் வாடிக்கையாகிவிட்டது. என்னப்பா ஆச்சு என்று கேட்டால் எல்லார் வாயிலும் ஒரே பதில்: "பக்கத்துலதான் படுத்திருந்தோம் அண்ணே, சத்தமே கேக்கல."

எப்படிக் கேட்கும்? வெயிலில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் மிதித்துவிட்டு, ராத்திரி பரோட்டாவும் மீன் வறுவலும் உள்ளே தள்ளிவிட்டுச் சாய்கிற உடம்பு அது. படுத்த முதல் ஒன்றிரண்டு மணி நேரம்தான் தூக்கம் மிக ஆழமாக இருக்கும். வீட்டில் தலைமாட்டில் அலறுகிற அலாரத்துக்கே எழாத ஆள், பத்தடி தள்ளி ஒரு கம்பி 'டக்'கென்று அறுபடும் சத்தத்துக்கு எழுந்துவிடுவாரா? அதுவும் எந்த இடத்தில்? கடற்காற்றில் டென்ட் துணி விடிய விடியப் படபடக்கிறது. அலைச் சத்தம் நிற்பதே இல்லை. மணலில் காலடிச் சத்தமும் கிடையாது.

"வீல் சுத்துனா கிர்ர்னு சத்தம் வருமே" என்பார்கள். வரும். பெடல் சுற்றாமல் வண்டி முன்னால் உருளும்போது மட்டும்தான் அந்தச் சத்தம் வரும். பின்சக்கரத்தை நாலு விரற்கடை தூக்கிப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனால் வராது. பின்னோக்கி உருட்டினாலும் வராது, பெடல்தான் சேர்ந்து சுற்றும். உங்களுக்குத் தெரியாத இந்த விஷயம் திருடுகிறவனுக்குத் தெரியும்.

சரி, சத்தம் கேட்டே விட்டது என்று வைத்துக்கொள்வோம். எழுந்து, எந்தப் பக்கம் ஜிப் என்று தடவி, உள் ஜிப், வெளி ஜிப், செருப்பு, டார்ச் எல்லாம் முடிய அரை நிமிஷம் போய்விடும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கிறவன் அந்த அரை நிமிஷத்தில் 160 மீட்டர் தாண்டியிருப்பான். அதற்கப்புறம் இருட்டில் துரத்துவது வீரமில்லை தம்பி. வெட்டுகிற கருவி அவன் கையில் இருக்கிறது, உங்கள் கையில் செல்போன் மட்டும்தான் இருக்கிறது. தயவுசெய்து துரத்த வேண்டாம். சைக்கிள் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

ஆகவே பக்கத்தில் படுப்பதைக் காவல் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆளே இல்லாத தெருவில் விட்டுவிட்டுப் போனால் எப்படிப் பூட்டுவீர்களோ, அப்படிப் பூட்டிவிட்டுப் படுங்கள்.

எதை வைத்துப் பூட்டுவது? வயர் லாக்கைத் தனியாக நம்பவே கூடாது. ஹெல்மெட்டையும் சீட்டையும் கோத்து வைக்க ஆகும், அவ்வளவுதான். நம்பர் லாக் வைத்திருப்பவர்கள் பாதிப் பேர் பூட்டியபின் கடைசி எண் சக்கரத்தை மட்டும் ஒரு பல் தள்ளிவிட்டுப் போகிறார்கள். முதலில் அந்தச் சக்கரத்தைத்தான் எல்லாரும் திருகிப் பார்ப்பார்கள். இன்னும் சிலர் கடையில் வந்த 0000-ஐ மாற்றுவதே இல்லை. இவர்களை என்ன சொல்ல!

கெட்டியான டி-லாக் (D எழுத்து வடிவ எஃகுப் பூட்டு) ஒன்று, அதோடு குறைந்தது 8 மில்லிமீட்டர், முடிந்தால் 10 மில்லிமீட்டர் பருமனுள்ள கடினப்படுத்திய எஃகுச் சங்கிலி ஒன்று. இரண்டையும் சேர்த்தால் இரண்டரை, மூன்று கிலோவாவது வரும். கனம் என்று அலுத்துக்கொள்ளாதீர்கள், ஆறு பேர் போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்தால் போதும். இரண்டு ரகம் ஏன் என்றால், ஒரு ரகத்துக்கான கருவியோடு வருகிறவனிடம் இன்னொன்றுக்கானது பெரும்பாலும் இருக்காது. கட்டடச் சாமான் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் சாதா இரும்புச் சங்கிலி சரிப்படாது. அது மெத்து இரும்பு, இரண்டடி போல்ட் கட்டருக்கு வெண்ணெய் மாதிரி. சங்கிலிக்குப் போடுகிற பூட்டு சங்கிலியைவிட மெலிந்ததாகவும் இருக்கக்கூடாது. ஆயிரக்கணக்கில் கொடுத்துச் சங்கிலி வாங்கிவிட்டு, வீட்டு கேட்டில் தொங்கின பழைய பூட்டை அதில் மாட்டுகிறவர்கள் உண்டு.

டி-லாக் போடும்போது பின்சக்கர ரிம், பிரேம், கட்டுகிற மரம் அல்லது கம்பம் மூன்றும் அதற்குள் வர வேண்டும். முன்சக்கரத்தை மட்டும் கட்டினால் காலையில் முன்சக்கரம் மட்டும்தான் இருக்கும். குயிக் ரிலீஸ் லீவர் உள்ள வண்டியில் சக்கரத்தைக் கழற்ற ஸ்பேனரே வேண்டாம். டி-லாக்குக்குள் காலி இடம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இடைவெளி இருந்தால் சின்ன ஜாக்கியோ கடப்பாரையோ உள்ளே நுழையும். பூட்டும் சங்கிலியும் தரையில் கிடக்கவே கூடாது. போல்ட் கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி, மற்றதை மேலிருந்து மொத்த உடம்பாலும் அழுத்தினால் பலம் பல மடங்கு கிடைக்கும். இரண்டடி உயரத்தில் இறுக்கமாகக் கட்டுங்கள், சாவித்துளை கீழ்ப்பார்த்து இருக்கட்டும், மணல் இறங்காது.

எதோடு கட்டுவது என்பதில்தான் நம்ம ஊர்க் கடற்கரை சோதிக்கும். சவுக்குத் தோப்பில் மெலிந்த மரமாகப் பார்த்துக் கட்டுகிறார்கள். கை பருமன் சவுக்கை ஒரு ரம்பம் சில நிமிஷத்தில் முடித்துவிடும். தென்னை, பனை உத்தமம், ஆனால் சங்கிலி நீளம் பத்துமா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்; டி-லாக் எந்தத் தென்னையையும் சுற்றி வராது. குட்டைக் கம்பத்தில் கட்டினால் சைக்கிளைப் பூட்டோடு சேர்த்து மேலே தூக்கி உருவிவிடுவான். கம்பத்தின் உச்சியைப் பார்க்காமல் கட்டாதீர்கள். இபி கம்பத்திலும், அதைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கிற ஸ்டே வயரிலும் கட்டவே கட்டாதீர்கள், ஈரத்தில் மின்கசிவு இருந்தால் சைக்கிளைத் தொடுகிற முதல் ஆள் நீங்கள்தான். கரையேற்றி வைத்திருக்கும் படகிலும் வேண்டாம். அது ஒருத்தருடைய பிழைப்பு. விடிவதற்கு முன்பே கடலுக்குப் போக வருகிறவர், உங்கள் பூட்டைப் பார்த்து என்ன சொல்வார் என்று நான் எழுத முடியாது.

டென்ட் கம்பியோடு கட்டியதாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கம்பி, இழுத்தால் கழன்று வருவதற்காகவே செய்யப்பட்டது.

கட்ட ஒன்றுமே இல்லாத வெட்டவெளி என்றால் சைக்கிள்களை ஒன்றோடொன்று கட்டுங்கள். பக்கத்துப் பக்கத்தில், ஒன்று கிழக்குப் பார்த்தால் அடுத்தது மேற்குப் பார்க்கிற மாதிரி, தலைமாற்றி நிறுத்த வேண்டும். எல்லா பிரேம்களுக்குள்ளும் சங்கிலி ஓட வேண்டும், சக்கரக் கம்பிகளுக்குள் மட்டும் ஓடினால் போதாது. தலைமாறி நிற்கும் நாலு சைக்கிளை உருட்டவும் முடியாது, ஓட்டவும் முடியாது. தூக்க நாலு ஆளும் ஒரு குட்டி யானையும் வேண்டும். இன்னும் சந்தேகமா, முன்சக்கரங்களைக் கழற்றி டென்ட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் பிரேக் வண்டி என்றால், சக்கரம் இல்லாதபோது யாரும் பிரேக்கைப் பிடித்துப் பார்க்காமலிருக்க காலிப்பரில், அதாவது டிஸ்க்கைக் கவ்வுகிற இரண்டு பேடுகளுக்கு நடுவில், தடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகி வையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பேடும் ஒட்டிக்கொண்டு மறுநாள் அங்கேயே மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

காசில்லாத ஒரு ஏற்பாடும் உண்டு. காசிமேட்டில் கிடைக்கும் தங்கூஸ் நரம்பை (மீன்பிடி நைலான் இழை) சைக்கிளில் கட்டி, மறுமுனையை டென்ட்டுக்குள் அலுமினியப் பாத்திரத்தில் கட்டி, உள்ளே இரண்டு கரண்டி போட்டு வையுங்கள். சைக்கிள் நகர்ந்தால் பாத்திரம் உருண்டு காதுக்குப் பக்கத்திலேயே சத்தம் போடும். நரம்பை நடைவழியில் குறுக்கே விடாதீர்கள், கால் கட்டைவிரலில் கட்டிக்கொள்ளவும் வேண்டாம். அதிர்ந்தால் அலறுகிற பேட்டரி அலாரம் பலமான காற்றிலும் அலறும். இரண்டு தடவை எழுந்து பார்த்துவிட்டு மூன்றாவது தடவை அணைத்துவிட்டுப் படுப்பீர்கள். எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்.

சைக்கிள் எங்கே இருக்கிறது என்று போனில் காட்டுகிற புளூடூத் டேக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது ஜிபிஎஸ் இல்லை. பக்கத்தில் வேறு யாருடைய போனாவது கடந்து போனால்தான் அது இருக்குமிடம் உங்களுக்குத் தெரியவரும். வண்ணாரப்பேட்டை மார்க்கெட்டில் பிரமாதமாக வேலை செய்யும், ஏரிக்கரையில் ராத்திரி ஊமையாகிவிடும். சீட்டுக்கு அடியில் பளிச்சென்று தெரிகிற மாதிரி ஒட்டாமல் சீட் போஸ்டுக்குள்ளோ ஹேண்டில்பார் குழாய்க்குள்ளோ வைத்தால், உலோகம் சிக்னலை அமுக்கிவிடும். சீட்டின் பிளாஸ்டிக் அடிப்பாகத்தில் கறுப்பு டேப்பால் ஒட்டி மறைப்பதுதான் நடுவழி.

ராத்திரியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், பகலிலும் போகிறது. மூட்டையோடு நிற்கிற கியர் சைக்கிளைப் பார்த்தாலே வெளியூர்க்காரன் வண்டி என்று தெரிந்துவிடும். டீக்கடை, ஏரிக் குளியல், ஸ்டேஷன் வாசல், "அஞ்சு நிமிஷம்தானே" என்று போகிற இடங்கள் இவை. அஞ்சு நிமிஷத்துக்கும் பூட்டு உண்டு. கூட்டத்தில் ஒருவர் குளிக்காமல் கரையில் உட்காரட்டும், முறை வைத்துக்கொள்ளுங்கள்.

சாவி விஷயத்தில் ஒரு கூத்து: ஸ்பேர் சாவியை சீட்டுக்கு அடியில் தொங்குகிற டூல் பையிலேயே போட்டு வைப்பது. அதற்குப் பூட்டாமலே விடலாம், பூட்டு வாங்குகிற காசாவது மிச்சமாகும். ஸ்பேர் சாவி இன்னொருவர் பையில் இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விட நல்ல பூட்டு, ஊருக்குள் ஒரு வீட்டுத் திண்ணை அல்லது பூட்டுகிற அறை. இருட்டுவதற்கு முன்பே போய், "அக்கா, காலைல வரைக்கும் சைக்கிள் இங்க நிக்கட்டுமா" என்று கேளுங்கள். ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள். பழவேற்காடு ஏரி பறவைகள் சரணாலயம் என்பதால் கண்ட இடத்தில் ராத்தங்கவும் முடியாது, வனத்துறை அனுமதி வேண்டும். ஊர்க்காரர்களிடம் கேட்டுத் தங்கினால் அந்தப் பிரச்சினையும் முதலிலேயே தெரிந்துவிடும். டென்ட் அடித்த கையோடு இடத்தை ஸ்டேட்டஸில் போடாதீர்கள், திரும்பி வந்து போடுங்கள்.

திரும்பி வந்ததும் பூட்டை நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். உப்புக்காற்று பட்ட பூட்டு அடுத்த வாரமே சாவியைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே தேங்காய் எண்ணெய், இன்ஜின் ஆயில் விடாதீர்கள். மணலை இழுத்துக் களிம்பாக்கிவிடும். கிராஃபைட் பொடி போதும். இல்லாவிட்டால் பென்சில் முனையைச் சுரண்டிச் சாவியில் தடவி நாலு முறை போட்டு எடுங்கள்.

போய்விட்டால்? இதற்கான வேலை போவதற்கு முன்பே ஆரம்பிக்கிறது. சைக்கிளைக் கவிழ்த்து, பெடல் அச்சு ஓடுகிற குழாயின் அடியில் அழுக்கைத் துடைத்தால் பெரும்பாலான வண்டிகளில் பிரேம் நம்பர் அடித்திருக்கும். அதைப் போட்டோ எடுங்கள், முழு வண்டியையும் எடுங்கள், பில்லையும் எடுங்கள். பில் ஏன் முக்கியம் தெரியுமா? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டங்களின்படி, திருட்டுப் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே என்றால் போலீஸ் தானாக எஃப்ஐஆர் போட்டு விசாரிக்கும் குற்றமாக அது வராது. பில் இல்லாமல் போய் நின்றால் "பழைய சைக்கிள்தானே" என்கிற பேச்சுக்கு உங்களிடம் பதில் இருக்காது. புகாரை எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், ஜீரோ எஃப்ஐஆர் என்பது அதுதான். தடாவில் போனது என்றாலும் திருவொற்றியூரில் கொடுக்கலாம். எஃப்ஐஆர் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. பாதி விலைக்குப் பில் இல்லாமல் கியர் சைக்கிள் தருகிறேன் என்று எவனாவது வந்தால் வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவதும் குற்றம், 3 வருஷம் வரை சிறை உண்டு. உங்கள் சைக்கிளின் சக்கரமும் கியரும் தனித்தனியாகக் காயலான் கடைக்குப் போவது, அதை வாங்க ஆள் இருப்பதால்தான்.

சாவி தொலைந்துவிட்டது, லாக்கை வெட்டிக் கொடுங்கள் என்று பட்டறைக்கு வருகிறவர்களுக்கு: பில்லோ, பிரேம் நம்பர் தெரிகிற உங்கள் பழைய போட்டோவோ கொண்டு வாருங்கள். அது இல்லாமல் கட்டரைக் கையில் எடுக்க மாட்டோம், முகம் தெரிந்த ஆளாக இருந்தாலும்.