காய்ச்சல் தணிந்த பிறகு கால் தளர்ந்தால்

மழைக்காலத்தின் முடிவில், தாராவியிலிருந்து ஓர் இளைஞரைத் தாங்கிப் பிடித்து என்னிடம் அழைத்து வந்தார்கள். சைக்கிளில் பாத்திரம் கட்டி இட்லி விற்பவர். பத்து நாட்களுக்கு முன் வந்த வைரஸ் காய்ச்சலும் இருமலும் முழுதும் தணிந்த பிறகு, பாதங்களில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வும் முதுகுவலியும் தொடங்கின. நடக்கும்போது செருப்பு தானாக நழுவியது. மூன்றாம் நாள், வீட்டு மாடிக்கான செங்குத்து இரும்பு ஏணியில் அவரால் ஏற முடியவில்லை. "காய்ச்சல்ல கிடந்த உடம்பு, அசதிதான்னு நெனச்சோம் டாக்டர்" என்றார் அவருடைய அம்மா. ஆட்டுக்கால் சூப்பிலும் எண்ணெய்த் தேய்ப்பிலும் இரண்டு நாட்கள் போயிருந்தன. டெங்குவும் சிக்குன்குனியாவும் ஆண்டுதோறும் வந்துபோகும் மும்பையில் அப்படி நினைப்பது இயல்புதான். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அசதி வேறு, இது வேறு. அசதியில் உடம்பு சோர்ந்தாலும் முயன்றால் கால் எழும்பும்; இதிலோ முயன்றாலும் எழும்பாது, பெரும்பாலும் இரு கால்களிலும் தொடங்கும் தளர்ச்சி நாளுக்கு நாள் மேலேறும். முழங்காலில் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன்; கால் உதறவே இல்லை.

இதற்குக் கில்லன்-பாரே நோய்க்குறி என்று பெயர். கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்கள், கிருமியின் சாயல் கொண்ட நம் நரம்புகளையும், அவற்றைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையையும் தாக்குவதே இதன் அடிப்படை. ஆண்டுக்கு லட்சம் பேரில் ஓரிருவருக்கு வரும் இந்நோய்க்கு வைரஸ் மட்டுமே காரணமன்று. 2025 ஜனவரியில் புனேயில் பலர் பாதிக்கப்பட்டபோது, அசுத்த நீர்வழிப் பரவும் கேம்பிலோபாக்டர் பாக்டீரியாவே முதன்மையாகப் பேசப்பட்டது. தூண்டிய கிருமி தொற்றக்கூடும். நரம்பு நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. நோயாளியின் அருகில் இருக்க அஞ்ச வேண்டாம்.

நான் அஞ்சுவது மூச்சுத் தசைகளைப் பற்றித்தான். ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்படுகிறது. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என உரக்க எண்ணச் சொல்லுங்கள். இருபதைக்கூட எட்ட முடியாமல் திணறினாலோ, விழுங்கும்போது புரையேறினாலோ, விடியும்வரை காத்திராமல் தீவிர சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தாலும், ஏறுகின்ற தளர்ச்சியை அன்றே நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். முதல் வாரத்தில் முதுகுத் தண்டுநீர்ப் பரிசோதனை இயல்பாகவே வரலாம். அதை நம்பி வீடு திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்டீராய்டு மாத்திரை இந்நோய்க்குப் பயன்படாது. ஐந்து நாட்கள் சிரைவழிச் செலுத்தும் இம்யூனோகுளோபுலின் (கொடையாளர் ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்பொருள்கள்), அல்லது ரத்தத்தின் திரவப் பகுதியை நீக்கி மாற்றுத் திரவம் செலுத்தும் பிளாஸ்மா மாற்றம், இவ்விரண்டில் ஒன்றை முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்குவது நல்லது. முன்னதற்குச் சில லட்சம் ரூபாய் ஆகும். இரண்டின் பலனும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், பணமில்லாத குடும்பத்தினர் பிளாஸ்மா மாற்றத்தைப் பற்றித் தயங்காமல் கேட்க வேண்டும்.

ஆறு மாதத்தில் சுமார் 80 விழுக்காட்டினர் துணையின்றி நடக்கிறார்கள். அந்த இளைஞர் ஐந்தாம் மாதம் ஏணியில் ஏறினார். பாதத்தில் மரமரப்பு இன்னும் இருக்கிறது, இயன்முறைச் சிகிச்சையும் தொடர்கிறது.