நாரிப் பிடிப்பும் உருவுகிற கையும்

வன்னியில் விசுவமடுப் பக்கம் கச்சான் பிடுங்கும் காலத்தில், பின்னேரமானால் வளவுக்கு வளவு நோவெண்ணெய் மணக்கும். நாள் முழுக்கக் குனிந்து நின்றவர்கள் ஒரு கையை நாரியில் ஊன்றித்தான் நிமிர்வார்கள். நாரி ஒரேயடியாகப் பிடித்துவிட்டால், கால் முன்னுக்கு வந்து பிறந்த ஆளைத் தேடிப்பிடித்து நாரியில் மெல்ல உதைக்கச் சொல்வதும் உண்டு. சின்ன வயதில் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். போன வருடம் 50 கிலோ உர மூட்டையை ஒற்றை ஆளாய்த் தூக்கி எனக்கே பிடித்தபோது சிரிப்பு வரவில்லை.

அலவாங்கால் கல்லுப் பிரட்டியவர்களுக்கு நாரியின் கணக்கு உடனே விளங்கும். நாரித் தசைகள் இழுப்பது முள்ளந்தண்டிலிருந்து ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் தள்ளித்தான். 20 லீற்றர் தண்ணீர்க் கானை அரை மீற்றர் முன்தள்ளிப் பிடித்தால், தூரம் பத்து மடங்கு. அந்த 20 கிலோவுக்கு ஈடாகத் தசைகள் 200 கிலோ அளவுக்கு இழுக்கவேண்டும். எங்கள் உடம்பின் சொந்தப் பாரம் இதில் சேரவில்லை. கானை வயிற்றோடு அணைத்துத் தூக்கினால் கணக்கு அப்படியே இறங்கிவிடும்.

முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல 23 தட்டுகள் இருக்கின்றன. பகலில் பாரத்தால் இவற்றிலிருந்து தண்ணீர் பிழிபடும், இரவு படுத்ததும் திரும்ப ஊறும். அதனால்தான் விடிய எழும்பும்போது ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் உயரமாக இருக்கிறோம். ஊறிப் பருத்த தட்டு குனிவதற்கு லேசில் இடம் கொடாது. எழும்பின கையோடு குனிந்து பாரம் தூக்காமல் கொஞ்ச நேரம் நடமாடிவிட்டுத் தொடங்குவது நல்லது.

ஆனால் தேய்மானம் வேறு, நோ வேறு. நாரிநோவே இல்லாதவர்களின் ஸ்கேன் படங்களைத் தொகுத்து 2015இல் வெளிவந்த ஆய்வில், 20 வயதுக்காரரில் 37 சதவீதமானோருக்கும் 80 வயதுக்காரரில் 96 சதவீதமானோருக்கும் தட்டுத் தேய்வு இருந்தது. தலைமயிர் நரைப்பதைப் போல அதுவும் ஒன்று. பெரும்பாலான நாரிநோவுக்கு இதுதான் காரணமென்று விரல் நீட்டிக் காட்டமுடியாது. நரம்பு எச்சரிக்கை மணி அடிக்கிறது, தசை பயந்து இறுகுகிறது, இறுகினதால் இன்னும் நோகிறது.

இங்கேதான் கை வேலை செய்கிறது. “தட்டு விலகிப்போச்சு, இருத்திவிட்டனான்” என்று சொல்பவரை நம்பவேண்டாம். கையால் அழுத்தி இருத்துகிற அளவுக்குத் தட்டு வழுக்கிப் போவதில்லை. ‘டக்’ என்ற சத்தமும் எலும்பு இருந்த சத்தம் அல்ல, மூட்டுத் திரவத்துக்குள் வாயுக்குமிழ் உருவாகும் சத்தம். எண்ணெயும் எலும்புவரை ஊறுவதில்லை, கை வழுக்க உதவுகிறது, அவ்வளவுதான்.

நடப்பது நரம்பில். நோவைக் கொண்டுபோகும் மெல்லிய நரம்பிழைகளில் செய்தி ஒரு செக்கனுக்கு ஒன்றிரண்டு மீற்றர்தான் ஓடும். தொடுகையைக் கொண்டுபோகும் தடித்த இழைகளில் அது பல பத்து மீற்றர். 1965இல் நோவை ஆராய்ந்த மெல்சாக், வோல் இருவரும் சொன்னது இதுதான்: தொடுகைச் செய்தி முண்ணாணில் ஒரு படலையைச் சாத்தி, நோச் செய்தியை மறிக்கிறது. நுணுக்கங்கள் பிறகு திருத்தப்பட்டாலும் அடிப்படை நிற்கிறது. முழங்கால் அடிபட்டதும் தேய்த்துவிடுகிறோமே, அதே சங்கதி. சித்த வைத்தியத்தின் தொக்கணம் என்ற உருவு முறையில் தட்டல், இறுக்கல், பிடித்தல் என்று ஒன்பது வகை இருக்கிறது. எல்லாமே இந்தப் படலையைத் தட்டுகிற வழிகள் என்றுதான் எனக்குப் படுகிறது.

கால் முன்னுக்கு வந்தவரின் உதையும் அப்படித்தான். அதோடு, திடீரென்று பிடித்த நாரி பெரும்பாலும் சில கிழமைகளில் தானாகவே இளகும். பெயர் உதைத்தவருக்குப் போய்விடுகிறது!

உருவினதால் வரும் சுகம் சில மணித்தியாலம், மிஞ்சினால் சில நாள். அந்த இடைவெளியில் எழும்பி நடக்கவேண்டும். எண்ணெய் பூசிவிட்டு ஒரு கிழமை பாயில் கிடந்தால் உருவின கூலிதான் நட்டம். சூட்டு ஒத்தடமும் அப்படியே, நடக்க வைக்கிறதென்றால் நல்லது.

சலம் மலம் கட்டுப்படாமல் போனால், தொடையிடுக்கு விறைத்தால், கால் சோர்ந்தால், காய்ச்சலோடு நாரி நொந்தால் உருவுகிறவரிடம் போகாமல் நேரே ஆசுப்பத்திரிக்குப் போங்கள்.

எங்கள் ஊருக்கென்று இன்னொன்றும் இருக்கிறது. 2009இல் ஏறின ஷெல் துண்டுகளை உடம்பில் சுமப்பவர்கள் வன்னியில் கொஞ்சப்பேர் இல்லை. நாரிக்குக் கிட்டத் துண்டு கிடந்தால், அந்த இடத்தில் யாரையும் அழுத்தி உருவ விடாதீர்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேனின் காந்தம் இரும்புத் துண்டை அசைத்துவிடக்கூடும், அதனால் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். காயம் ஆறித் தழும்பும் மங்கியிருக்கும், உடம்பில் துண்டு இருக்கிறதா என்று கேட்டால்கூட “ஒண்டும் இல்லை” என்று வாயில் வரும். ஸ்கேன் அறை வாசலில் நின்று ஒருதரம் நினைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.