பத்து நிமிஷம் ஓடினால் ஸ்டேபிள் ஆகிவிடாது, தம்பி

சித்திரை பிறந்ததிலிருந்து என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வந்த ஐந்தாவது கேபினெட் இது. நேற்று முன்தினம் சாயங்காலம் கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி பைக்கில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர். எக்ஸ்போர்ட் போட்டால் நாற்பதாவது நிமிஷத்தில் புளூ ஸ்கிரீன். மூன்றாவது முறை விழுந்து எழுந்தபோது பிராஜெக்ட் ஃபைலே திறக்கவில்லை. மிஷினின் அடிப்படை செட்டிங் இருக்கும் பயாஸுக்குள் போனதும் விஷயம் தெரிந்துவிட்டது. ஐ7 10700கே பிராசசர், எல்லா கோரும் 5.2 ஜிகாஹெர்ட்ஸ், வோல்டேஜ் 1.42.

"யாருப்பா ஏத்துனது?"

"நான்தாண்ணே. ஆனா அதுல பிரச்சினை இல்லண்ணே. சினிபெஞ்ச் பத்து நிமிஷம் முழுசா ஓடுச்சு. ஸ்டேபிள்."

செல்போனில் ஸ்கோர் படத்தையும் காட்டினார். அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பிராசசரை கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஏற்றி ஓட்டுவது, அதாவது ஓவர்க்ளாக் செய்வதில் எனக்கும் ஆசை உண்டு. ஸ்கோர் ஏறும்போது வரும் சந்தோஷம் தெரியும். ஆனால் சினிபெஞ்ச் மாதிரி வேகத்தை அளக்கும் ஒரு பெஞ்ச்மார்க் முடிந்தது என்றால், அந்தப் பத்து நிமிஷம் மிஷின் விழவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். கணக்கெல்லாம் சரியாக வந்தது என்றுகூட அர்த்தம் இல்லை. சினிபெஞ்ச் ஒரு படத்தை வரைகிறது. நடுவில் ஒரு புள்ளியின் நிறம் தப்பாகப் போனால் நம் கண்ணுக்கும் படாது, ஸ்கோரும் குறையாது. பிரைம்95 என்ற சோதனை புரோகிராம் அப்படியில்லை. விடை தெரிந்த கணக்கைப் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கும். தப்பு வந்தால் அங்கேயே நிறுத்திச் சொல்லிவிடும். பலருக்குப் பிடிக்காமல் போவதற்கும் அதுதான் காரணம்.

இன்னும் சொல்கிறேன். பிராசசரே சில தப்புகளைத் தானாகத் திருத்திக்கொண்டு ஓடும். திரையில் ஒன்றும் தெரியாது. விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து 'வியா லாகர்' (WHEA-Logger) என்ற பெயரில் 19-ம் எண் எச்சரிக்கை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்தத் தம்பியின் மிஷினில் அது வரிசையாக நின்றது. ஸ்கோர் எடுத்த அதே நேரத்திலும் இரண்டு இருந்தன. அவர் ஸ்டேபிள் என்று நம்பிய நிமிஷத்திலேயே பிராசசர் தடுமாறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

வேலைக்கு வேலை சுமையும் மாறும். வீடியோ என்கோடிங்கில் ஏவிஎக்ஸ் என்ற கனமான கணக்குக் கட்டளைகள் வரும்போது மின்சாரம் திடீரென்று கூடுதலாக இழுக்கும், வோல்டேஜ் ஒரு கணம் சரியும், அந்த ஒரு கணம் போதும். வோல்டேஜைக் குறைத்து வைத்திருப்பவர்களுக்கு நேர்மாறாக நடக்கும். முழுச் சுமையில் நன்றாக ஓடும், சும்மா கிடக்கும்போது ரீஸ்டார்ட் ஆகும். இப்போது தடைக்காலம், 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கிறது. கட்டிக்கிடக்கும் போட்டில் இஞ்சினைப் பத்து நிமிஷம் முறுக்கிப் பார்த்துவிட்டு, "சரி, தங்கலுக்குப் போகலாம்" என்று, அதாவது நாள்கணக்கில் கடலில் தங்கி மீன்பிடிக்கப் போகலாம் என்று, மண்டபத்தில் எந்த டிரைவராவது சொல்வாரா?

அப்புறம் வெயில். இந்தத் தம்பி செட்டிங் வைத்தது மார்கழி ராத்திரியில். 24 டிகிரி அறையில் பிராசசர் 86-ல் நின்றிருக்கிறது. அதே சுமை, அதே கூலர், சித்திரை மதியம் அறை 36 டிகிரி. மேலே 12-ஐக் கூட்டுங்கள், 98. அந்த பிராசசர் 100-ல் தானாக வேகத்தைக் குறைத்துவிடும். வோல்டேஜின் வேலையும் இதில் உண்டு. வெப்பம் வேகத்தோடும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் சேர்ந்து ஏறும். 4.7-லிருந்து 5.2-க்குப் போக 1.22 வோல்ட்டை 1.42 ஆக்கினால் வேகம் கூடுவது 11 சதவீதம், வெப்பம் கூடுவது ஏறக்குறைய 50 சதவீதம்.

போன மாதம் வந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. லிக்விட் கூலரின் ரேடியேட்டரை மீன் ஐஸ் நிரப்பிய தெர்மாகோல் பெட்டிக்குள் இறக்கியிருக்கிறார் ஒரு கல்லூரி மாணவர். 9 ஜிகாஹெர்ட்ஸைத் தாண்டிய உலகச் சாதனைகளெல்லாம் திரவ ஹீலியம் ஊற்றி எடுத்தவை. அவர்கள் போர்டு முழுக்க ஈரம் புகாதபடி பூசி மூடிவிட்டுத்தான் தொடங்குகிறார்கள். நம் கரைக் காற்றில் 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்றால் 26 டிகிரிக்குக் கீழே போகும் எந்தப் பரப்பும் வியர்க்கும், சர்பத் டம்ளர் வியர்ப்பது போல. சாக்கெட்டைச் சுற்றித் தண்ணீர் கோத்திருந்தது. அதில் ஏற்கெனவே படிந்திருந்த உப்பும் கரைந்து போர்டு ஷார்ட். அப்பா அனுப்பிய பணத்தில் வாங்கியது. தயவுசெய்து ஐஸ் பக்கமே போகாதீர்கள்.

உப்பைப் பற்றி இந்தக் கரையில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் உப்புக் காற்றில் துருவோடு போராடிக்கொண்டு கண்முன்னால் நின்றது. ஆனாலும் கேபினெட் கதவைக் கழற்றிப் போட்டு, ஜன்னலோரம் மேசை ஃபேனைத் திருப்பி வைக்கிறார்கள். கதவை மாட்டுங்கள். ஃபில்டரை மாதம் ஒருமுறை கழுவி, காயவைத்து, பிறகு மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்ட வேண்டாம்.

கரண்ட்டையும் பாருங்கள். 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். ஓவர்க்ளாக் செய்த பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும். கரண்ட் போனதும் மிஷினும் சேர்ந்து அணைந்தால் யூபிஎஸ்ஸைத் திட்டாதீர்கள். கேபினெட்டைத் தொட்டால் சுரீரென்று இழுக்கிறதா? எர்த் இல்லை. காய்ந்த மணலில் எர்த் சரியாக இறங்காது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு அதை முடித்துவிட்டு பயாஸைத் தொடுங்கள்.

செய்துதான் ஆக வேண்டும் என்றால் முதலில் பேக்கப். ராமின் வேகத்தை ஏற்றும் எக்ஸ்எம்பி செட்டிங்கை அணைத்துவிட்டு பிராசசரை மட்டும் தொடுங்கள், இல்லாவிட்டால் தப்பு எங்கே என்று தெரியாது. ஒரு தடவைக்கு 100 மெகாஹெர்ட்ஸ். வோல்டேஜை ஆட்டோவில் விடாதீர்கள், பல போர்டுகள் தேவைக்கு மேல் கொடுக்கும். என் கடையில் இந்த வகை பிராசசருக்கு தினசரி வேலைக்கு 1.35-ஐத் தாண்டி வைத்துக் கொடுப்பதில்லை, முழுச் சுமையில் 90 டிகிரியைத் தாண்ட விடுவதும் இல்லை. பிரைம்95-ஐ மதியம் இரண்டு மணிக்கு, ஏசி இல்லாமல் ஓட்டுங்கள். ராமுக்கு மெம்டெஸ்ட்86-ஐ இரவு முழுக்க விடுங்கள். பயாஸில் இரண்டு புரொஃபைல் சேமிக்க முடியும்: ஸ்கோருக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று. ஸ்கோர் எடுத்து முடித்ததும் வேலை புரொஃபைலுக்குத் திரும்பிவிடுங்கள். இந்த ஒன்றைச் செய்திருந்தால் கீழக்கரைத் தம்பி என்னிடம் வந்திருக்கவே வேண்டியதில்லை.

இன்டெல் 13, 14-ம் தலைமுறை வைத்திருப்பவர்கள் எதற்கும் முன்னால் பயாஸை அப்டேட் செய்யுங்கள். அதிக வோல்டேஜால் அந்தச் சில்லுகள் தேய்கின்றன என்று 2024-ல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் 2 ஆண்டு நீட்டித்தது. ஓவர்க்ளாக் செய்யாதவர்களுக்கே அந்த நிலை.

தம்பியின் மிஷினை 4.9-ல் 1.28 வோல்ட் வைத்திருக்கிறேன். காலை ஏழு மணிக்குப் போட்ட பிரைம்95, மதியம் மூன்று ஆகிறது, 19-ம் எண் ஒன்றுகூட விழவில்லை. ஆட்டோ சேவ் ஃபோல்டரில் முந்தைய நாள் நகல் கிடைத்தது. ஒரு நாள் வேலை போயிற்று, வீடியோ தப்பியது. சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.